கோழிக்குஞ்சும் குண்டு பல்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் மொட்டை மாடியில் நாட்டுக்கோழி வளர்ப்பது பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. தீவனம், கூண்டு, முட்டை விலை என்று நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் நடுவில், குஞ்சுகளை அட்டைப் பெட்டியில் விட்டு மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டால் போதும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்தப் 'போதும்' பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் கொருக்குப்பேட்டையில் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். காயில் கட்டுவதும் உண்டு. இருபத்தெட்டு வருடமாக இதே தெரு, இதே கடை. கோழிப் பண்ணைக்காரன் இல்லை. ஆனால் உங்கள் கட்டுரை வந்த மறுநாளும் அதற்கடுத்த நாளுமாக இரண்டு பேர் வந்து, "அண்ணே, ஒயரோட ஒரு ஹோல்டர் போட்டுக் குடுங்க, கோழிக்குஞ்சுக்கு" என்று நின்றார்கள். ஒருவர் கையில் ஒன்பது வாட் எல்இடி பல்பு. அதை மாட்டினால் குஞ்சுக்கு ராத்திரியில் புத்தகம் படிக்கலாம், குளிர் காய முடியாது. பழைய குண்டு பல்பு, வாங்குகிற கரண்டில் பெரும்பங்கைச் சூடாகத்தான் கக்கும். அதனால்தான் அந்தக் காலத்தில் பல்பு வைத்தியம் பலித்தது. இப்போது எங்கள் பக்கத்துக் கடைகளில் நூறு வாட் குண்டு பல்பு கேட்டால் ஏணி போட்டு மேல் தட்டில் தேடுகிறார்கள். இரண்டு பேருக்கும் ஹோல்டர் போட்டுத் தரவில்லை. ஏன் என்று கடை வாசலில் நின்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2023 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். எங்கள் தெருவுக்கு டிவிஎஸ் வண்டியில் கூடை கட்டிக்கொண்டு கலர் கோழிக்குஞ்சு விற்கிறவர் வந்தார். ரோஸ், பச்சை, ஊதா. என் மகள் வயிற்றுப் பேரன் அப்போது ஒன்றாம் வகுப்பு. அழுது புரண்டு ஆறு வாங்கிக்கொண்டான், அறுபது ரூபாய். இவை பெரும்பாலும் முட்டைக்கோழி ரகத்தில் பிறந்த சேவல் குஞ்சுகள். பொரிக்கும் இடத்தில் முதல் நாளே ஆண், பெண் பிரித்துவிடுவார்கள். சேவல் முட்டை போடாது, கறிக்கும் லாபமாக வளராது. அப்படி ஒதுக்கப்பட்டதுதான் சாயம் பூசிக்கொண்டு தெருவுக்கு வருகிறது. ஒரு நாள் வயதில் லாரி, கூடை, வெயில், சாயம் எல்லாம் பார்த்துவிட்டு வரும் குஞ்சு அது. பாதி உயிரோடுதான் நம் கைக்கு வந்து சேரும்.

நானும் உங்கள் கட்டுரையாளர் சொன்ன மாதிரியேதான் செய்தேன். மிக்ஸி வந்த அட்டைப் பெட்டி, கடையில் கிடந்த அறுபது வாட் பல்பு. எலெக்ட்ரீஷியன் வீட்டில் பல்புக்கா பஞ்சம்? முதலில் ஆறும் பல்புக்கு அடியில் வந்து ஒட்டிக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, இறக்கையை விரித்து, பெட்டியின் நாலு மூலைக்கும் போய்விட்டன. பெட்டி சின்னது. மூலையிலும் அதே சூடுதான். பல்பை ஏற்றிக் கட்டினால் கீச்கீச்சென்று கத்தல், இறக்கிக் கட்டினால் மூச்சு வாங்கல். பதினொரு மணி வரைக்கும் இதே கூத்து. அப்புறம் தூங்கிப் போனேன்.

ராத்திரி இரண்டு மணிக்குத் தீய்ந்த வாடை. எந்த வாடை என்று எனக்குத் தெரியாதா, ஒரு நாளைக்கு நாலு கருகின காயிலை மோந்து பார்க்கிறவன். எழுந்து ஓடினால், கட்டியிருந்த நூல் தளர்ந்து பல்பு பெட்டியின் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. அட்டையில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை, ஓரமெல்லாம் கறுத்து, ஒரு சிவப்புப் புள்ளி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு முழம் தள்ளிப் பேரன் படுத்திருக்கிற பாய். பிளக்கைப் பிடுங்கி, அட்டையைத் தேய்த்து அணைத்துவிட்டுப் படுத்தேன். பல்பு இல்லாத பெட்டி ஆறிப்போனது. குளிருக்கு ஒன்றன் மேல் ஒன்று ஏறி, அடியில் இருந்தவை நசுங்கி, விடிவதற்குள் நாலு போய்விட்டன. ரோஸ் ஒன்றும் பச்சை ஒன்றும் மிச்சம்.

என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. பொன்னேரிப் பக்கத்து ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் வீட்டில் எப்போதும் பஞ்சாரத்துக்குள் ஒரு அடைக்கோழி இருக்குமாம். காலையில் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினார். "ஏன்டா, கோழி இன்னா குஞ்சுக்கு மேல வெளக்கு புடிச்சிக்கினா நிக்குது? மேல தானே குந்துது?" சொல்லிவிட்டு, முட்டிவலிக்கு ஒத்தடம் கொடுக்க மருந்துக் கடையில் வாங்கித் தந்திருந்த ஹீட்டிங் பேடை எடுத்து என் கையில் கொடுத்தார். "இத்த போத்தி வுடு."

இருபத்தெட்டு வருடம் கரண்டோடு வாழ்ந்தவனுக்கு இது தோன்றவில்லை. பல்பு காற்றைச் சூடாக்குகிறது. கோழி காற்றைச் சூடாக்குவதில்லை. அதன் உடம்புச் சூடு ஏறக்குறைய 41 டிகிரி. அது இறக்கையை அகட்டி உட்காரும்போது குஞ்சின் முதுகு அதன் வயிற்றில் படுகிறது. சூடு முதுகு வழியாக ஏறுகிறது. போதும் என்றால் குஞ்சு வெளியே வந்து தீனி பொறுக்கும். குளிர்ந்தால் உள்ளே ஓடும். வெளியே 25 டிகிரி இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

அன்றைக்கே செய்தேன். கடையில் பழைய மேசை ஃபேனின் கம்பிக்கூண்டு ஒன்று கிடந்தது, பதினாறு அங்குலம். முன்பக்க மூடி குழிந்த சட்டி மாதிரி இருக்குமல்லவா, அதைக் கவிழ்த்தேன். கம்பி முனைகளை மடக்கி ராவிவிட்டேன். இல்லாவிட்டால் பேடைக் குத்திக் கிழிக்கும். குழியின் உட்பக்கமாகப் பேடைப் படுக்க வைத்து, துணி நாடாவால் நாலு இடத்தில் கட்டினேன். குண்டூசி, ஸ்டேப்ளர் பக்கம் போகக்கூடாது, உள்ளே ஓடுவது சூட்டுக்கம்பி. பேடைச் சுற்றி அப்பாவின் பழைய வேட்டித் துணி ஒரு சுற்று. முன்பக்கம் கூண்டைத் தூக்கி அரைச் செங்கல் வைத்தால் வாசல். பின்பக்கம் தரையோடு தாழ்ந்து இருக்கும். தரைக்கும் பேடுக்கும் நடுவில் முன்னால் நாலு அங்குலம், பின்னால் இரண்டு. குஞ்சு தன் உயரத்துக்கு ஏற்ற இடத்தை அதுவே தேடிக்கொள்ளும். முதுகில் பேட் உரச வேண்டும், அதுதான் கணக்கு. வாரத்துக்கு ஒரு ஓட்டுத் துண்டு சொருகி உயர்த்திக்கொண்டே போனேன்.

மல்டிமீட்டரில் சூடு பார்க்கும் ஒயர் உண்டு. குறைந்த சூட்டில் வைத்து, வேட்டித் துணிக்கு வெளியே பிடித்துப் பார்த்தேன். 39, 40 என்று நின்றது. அம்மாவிடம் காட்டினேன். அவர் மீட்டரைப் பார்க்கவில்லை. கையை உள்ளே விட்டு, "ம்" என்றார்.

அந்த இரண்டு குஞ்சும் பிழைத்தன. சாயம் போய் வெள்ளைச் சேவலாக வளர்ந்து, விடியற்காலை மூன்றரைக்கே கூவ ஆரம்பித்து, கீழ் வீட்டுக்காரர் என்னிடம் பேசுவதை நிறுத்தினார். மீஞ்சூரில் மச்சான் வீட்டில் விட்டுவிட்டேன்.

சரி, இரண்டு குஞ்சு பிழைத்ததை வைத்துக்கொண்டு பத்திரிகைக்கு எழுதக்கூடாது. அதே வருடம் நவம்பர் கடைசியில் செங்குன்றம் பக்கத்தில் ஒருவரிடம் ஒரு நாள் வயதுச் சிறுவிடை என்கிற நாட்டுக்கோழிக் குஞ்சு பன்னிரண்டு வாங்கினேன். இந்தத் தடவை வாஷிங் மெஷின் வந்த பெரிய அட்டைப் பெட்டி. ஒரு ஓரத்தில் பேட் கூண்டு, எதிர் ஓரத்தில் தீனியும் தண்ணீரும். நடுவில் ஓடியாட இடம். தரைக்கு உங்கள் நாளிதழைத்தான் முதலில் விரித்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதில் குஞ்சின் கால் வழுக்கும், வழுக்கி வழுக்கிக் கால் அகன்றுவிட்டால் அந்தக் குஞ்சு அப்புறம் நிமிர்ந்து நிற்காது. செங்குன்றம் அரிசி ஆலையில் ஒரு மூட்டை உமி வாங்கி வந்து மேலே இரண்டு அங்குலம் பரப்பினேன்.

முதல் நாள் ஒரு வேலை உண்டு. குஞ்சுக்குக் கூண்டுக்குள் சூடு இருக்கிறது என்று தெரியாது. அம்மாக்கோழி என்றால் 'க்ளக் க்ளக்' என்று கூப்பிடும், பேட் கூப்பிடாது. ஒவ்வொன்றையும் பிடித்து, அலகைத் தண்ணீரில் ஒரு தரம் நனைத்துவிட்டு, கூண்டுக்குள் தள்ள வேண்டும். வெளியே வந்து கத்தினால் திரும்பத் தள்ள வேண்டும். நாலைந்து தடவையில் பிடிபட்டுவிடும். ஒன்று கற்றுக்கொண்டால் மற்றவை பின்னாலேயே போகும்.

அன்று ராத்திரி ஒரு மணிக்கு மறுபடியும் கத்தல். கையை விட்டுப் பார்த்தால் பேட் சில்லென்று இருக்கிறது. இது புதுப் பேட். இரண்டு மணி நேரத்தில் தானாக அணைந்துபோகிற டைமர் இதில் உண்டு. முட்டியை வைத்துக்கொண்டு தூங்கிப்போகிறவர்களுக்காக வைத்தது, அவர்களுக்கு அது நல்லது. குஞ்சுக்கு அதுவே எமன். நான் டைமரை மட்டும் விலக்கினேன், அதிகச் சூடானால் அறுந்துபோகிற ஃபியூஸைத் தொடவில்லை. இந்த வேலை தெரியாதவர்கள் பேடைப் பிரிக்கவே கூடாது. வாங்கும்போதே டைமர் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரரே 'பேட்' என்று சொல்லி, சார்ஜ் ஏற்றிச் சூடாக்குகிற ஜெல் பையைக் கொடுப்பார். அது வேண்டாம். ஒரு மணி நேரத்தில் ஆறும், அலகு பட்டால் ஒழுகும். எந்தப் பேடும் குஞ்சுக்காகச் செய்ததல்ல என்பதும் நினைவில் இருக்கட்டும். தண்ணீர்ப் பாத்திரம் எட்டி இருக்க வேண்டும். ஒயர் குஞ்சின் காலில் சிக்காமல் பெட்டிக்கு வெளியே போக வேண்டும். வீட்டில் இஎல்சிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பை நிறுத்துகிற சுவிட்ச், இல்லாவிட்டால் முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் தெர்மாமீட்டர் வைக்கிறவர்கள் பயந்துபோவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும் என்பது பல்பு முறையின் கணக்கு. பேட் வைத்த பெட்டியில் காற்றின் சூடு ஏறாது. என் பெட்டியில் ராத்திரி 24 காட்டியது. குஞ்சுகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள், அதுதான் மீட்டர். வாசலில் குவிந்து கத்தினால் சூடு போதவில்லை அல்லது கூண்டு உயரம். எல்லாமே வெளியே வந்து தூரப் படுத்தால் சூடு அதிகம். உள்ளே போனதும் சத்தம் அடங்கி, மெல்லிய குரலில் ஒரு நடுக்கச் சத்தம் மட்டும் வந்தால் நீங்களும் படுக்கப் போகலாம். விடியற்காலையில் செல்போன் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தேன். வேட்டியின் பச்சைக் கரைக்குக் கீழே வரிசையாக அலகுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. எண்ணினேன், பன்னிரண்டு.

இருட்டில் தூங்குவதால் வேறொரு லாபமும் உண்டு. ராத்திரி முழுக்க வெளிச்சத்தில் விழித்திருக்கிற குஞ்சு சும்மா இருக்காது, பக்கத்துக் குஞ்சின் வாலைக் கொத்தும். என் பன்னிரண்டில் கொத்துக் காயம் ஒன்றுக்கும் இல்லை.

கரண்டுக் கணக்கு கேட்பீர்கள். நூறு வாட் பல்பு நாள் முழுக்க எரிந்தால் 2.4 யூனிட், மாதத்துக்கு 72. 2023இல் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்தான் இலவசமாக இருந்தது. என் பேடில் 50 வாட் என்று அச்சடித்திருக்கிறது, ஆனால் சூடு ஏறியதும் தானாக நின்று நின்று ஓடும். மீட்டர் மாட்டிப் பார்த்ததில் ஒரு நாளைக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்.

பன்னிரண்டில் ஒன்று செத்தது. அது பேடின் குற்றமல்ல, என் குற்றம். தண்ணீர் வைத்த கிண்ணம் ஆழம். மூன்றாம் நாள் காலை ஒன்று அதில் விழுந்து விறைத்துக் கிடந்தது. அப்புறம் பேரனின் கோலிக்குண்டுகளைக் கிண்ணத்தில் நிரப்பி, இடுக்கில் நிற்கிற தண்ணீரை மட்டும் குடிக்க விட்டேன். கோலிக்குண்டுக்கு வாடகை கேட்டான்.

இந்த முறையின் பலவீனத்தை மறைக்க மாட்டேன். குஞ்சு வாங்கி ஒரு வாரத்துக்குள் மிக்ஜாம் புயல் வந்தது. டிசம்பர் 4ஆம் தேதி எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர், கரண்ட் கிடையாது. எங்கள் வீடு முதல் மாடி, அதனால் தப்பித்தோம். கரண்ட் இல்லாத பேட் வெறும் துணி. சிலிண்டரில் வாயு இருந்தது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, இரண்டு எவர்சில்வர் தூக்கில் ஊற்றி இறுக மூடி, துண்டால் சுற்றிக் கூண்டுக்கு அடியில் வைத்தோம். மேலே கம்பளி. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். அம்மா ராத்திரியும் பகலும் அதைப் பார்த்துக்கொண்டார். நடுவில் இரண்டு குஞ்சு துவண்டபோது, முந்தானையில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினார். மூன்றாம் நாள் கரண்ட் வந்தது. பதினொன்றும் இருந்தன. பல்பு முறையிலும் இதே நிலைமைதான், ஆனால் பேட் கூண்டு சின்ன இடமாக, மூடாக்கோடு இருந்ததால் தூக்குப் பாத்திரத்தின் சூடு அதற்குள்ளேயே தங்கியது.

நாலாவது வாரம் பகலில் அணைத்துவிட்டேன், ஐந்தாவது வாரம் ராத்திரியிலும். அதற்குள் இறகு முளைத்துவிட்டது. அவை கூண்டுக்கு மேலே ஏறிப் படுக்க ஆரம்பித்திருந்தன. மேலே ஏறினால் எச்சம் போடும். ஆட்டோ சீட்டின் பழைய ரெக்சின் ஒரு துண்டைப் போர்த்தியிருந்ததால் துடைத்துக்கொள்ள முடிந்தது. மே மாதத்தில் குஞ்சு வாங்குகிறவர்களுக்கு இதெல்லாம் ராத்திரிக்கு மட்டும் போதும். தகர ஷீட் வீடாக இருந்தால் அக்னி நட்சத்திரத்தில் பகலில் நிழலும் காற்றும்தான் தேடித் தர வேண்டும்.

ஏழாம் நாள் கண்ணில் விடுகிற வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான சொட்டு மருந்தை மறந்துவிடாதீர்கள். இதில் சந்தேகம் இருந்தால் நம் வட சென்னைக்காரர்கள் தூரம் போக வேண்டாம், மாதவரம் பால்பண்ணையிலேயே கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. போய்க் கேட்கலாம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த இணைப்பிதழில் அந்தப் பல்பு வரியைத் திருத்திப் போடுங்கள். எங்கள் பக்கத்தில் ஓலை வீடும், ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற வீடும் நிறைய. அட்டைப் பெட்டிக்குள் தொங்குகிற பல்பு அங்கே வெறும் கோழி விஷயம் இல்லை. கூண்டின் படம் ஒன்று பேரன் வரைந்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். செங்கல்லின் அளவு மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டான்.

அந்தப் பதினொன்றில் இரண்டு கோழி இப்போது அடை கேட்டு உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுக்கு அம்மா முட்டை வைத்துவிட்டார். பேடை எடுத்துத் துடைத்து, முட்டிக்குக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு மிக்ஸி ரிப்பேர்க்காரர்,
கொருக்குப்பேட்டை, சென்னை-21